பித்தளை தேயும் ஓசை

சென்னையில் புதுப்பேட்டையை ஒட்டிச் செல்லும் ஆதித்தனார் சாலையை என் தந்தையின் தலைமுறையினர் இன்றும் ஹாரிஸ் ரோடு என்றுதான் சொல்வார்கள். அந்த வட்டாரத்தில் பழைய வண்டிகளின் உதிரி பாகங்களை விற்கும் கடை ஒன்றில் அப்பா முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கியர் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டும் பூட்டிக்கொண்டும் இருந்தார். பள்ளி விடுமுறை நாட்களில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது, மண்ணெண்ணெயில் கழுவிச் சாக்கின்மேல் பரப்பிய பல்சக்கரங்களை எடுத்துப் பார்ப்பது எனக்கு வழக்கம். சக்கரத்தின் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் வண்டி மேட்டில் ஓடியதா சமவெளியில் ஓடியதா, ஓட்டியவர் பொறுமைசாலியா அவசரக்காரரா என்பதெல்லாம் தெரிந்துவிடும் என்று அப்பா சொல்வார். தேய்மானத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். ஆனால் அந்தச் சாலைக்குப் பெயர் தந்த ஹாரிஸ் யார் என்று அப்போது எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

பல ஆண்டுகள் கழித்துத்தான் அதைத் தேடிப் பார்த்தேன். 1854 முதல் 1859 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த மூன்றாம் ஹாரிஸ் பிரபு அவர். தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதைக்காக எழுந்த ராயபுரம் நிலையத்தை 1856-ல் திறந்துவைத்தவர். 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது ஆளுநர் நாற்காலியில் இருந்தவர். இவ்வளவுடன் தேடலை நிறுத்தியிருப்பேன். ஆனால் அவருடைய குடும்ப மாளிகை இங்கிலாந்தில் இன்றும் அப்படியே இருக்கிறது, பொதுமக்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம், 340-க்கும் மேற்பட்ட பழங்காலக் கடிகாரங்கள் அங்கே இருக்கின்றன என்று படித்தேன். பல்சக்கரங்களோடு வளர்ந்த ஒருத்திக்கு அதற்குமேல் காரணம் தேவைப்படவில்லை. அலுவலக வேலையாக லண்டனுக்குச் செல்ல நேர்ந்த கோடையில் ஒரு சனிக்கிழமையை அதற்கென்று ஒதுக்கிவைத்தேன்.

பெல்மாண்ட் என்ற அந்த மாளிகை, இங்கிலாந்தின் தென்கிழக்கில் கெண்ட் மாவட்டத்தில், ஃபேவர்ஷம் என்ற சிறு நகரத்திலிருந்து நான்கு மைல் தொலைவில் இருக்கிறது. குறுகலான நாட்டுப்புறச் சாலைகள், இருபுறமும் உயிர்வேலி, ஆடு மேயும் சரிவுகள் என்று போய்க்கொண்டே இருக்கும்போது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வெளிறிய மஞ்சள் நிறத்தில் வீடு கண்ணில் படுகிறது. அரண்மனை என்று சொல்லுமளவுக்குப் பெரியதன்று. அளவும் ஒழுங்கும் கூடிய வீடு. செங்கல் போலத் தெரியும் அதன் சுவர் உண்மையில் செங்கல் அன்று. செங்கலின் முகம் மட்டும் தெரியும்படி வடிவமைத்த ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து, இடையே சாந்து பூசி, செங்கல் சுவரின் தோற்றத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தெற்கு இங்கிலாந்தில் பரவலாக இருந்த முறை அது. சாமுவேல் வயட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த வீடு இது.

அதைக் கட்டுவித்தவர் ஹாரிஸ் அல்லர். ஜான் மான்ட்ரெசர் என்ற ராணுவப் பொறியாளர். அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரிட்டிஷ் படையின் தலைமைப் பொறியாளராக இருந்த அவர்மீது, போர்க்காலக் கணக்குகள் சரியில்லை என்று அரசு குற்றம் சாட்டியது. 1799-ல் சிறையிலேயே அவர் இறந்தார். வீடு அரசின் கைக்குப் போய் ஏலத்துக்கு வந்தது. 1801-ல் அதை வாங்கியவர் ஜெனரல் ஜார்ஜ் ஹாரிஸ், என் சாலைக்குப் பெயர் தந்தவரின் பாட்டனார்.

1799 என்ற ஆண்டைப் படித்தவுடன் நமக்கு நினைவுக்கு வருவது வேறு ஒரு மரணம். அந்த ஆண்டு பிப்ரவரியில் வேலூரிலிருந்து புறப்பட்ட சென்னைப் படைக்குத் தலைமை தாங்கியவர் இந்த ஜெனரல் ஹாரிஸ்தான். மே 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை வீழ்ந்தது. திப்பு சுல்தான் கோட்டைக்குள்ளேயே போரிட்டு மடிந்தார். பிறகு நடந்த சூறையில் கிடைத்தவற்றை முறைப்படி மதிப்பிட்டுப் படையினருக்குப் பதவி வாரியாகப் பங்கிட்டார்கள். தளபதி எடுத்துக்கொண்டது மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு. ஒரு லட்சம் பவுண்டுக்கும் மேல். அது அளவுக்கு மீறிய பங்கு என்று கிழக்கிந்தியக் கம்பெனியே வழக்குத் தொடுக்க, மன்னரின் ஆலோசனை மன்றமான பிரிவி கவுன்சில் வரை போய் அவர் வென்றார். 1815-ல் கிடைத்த பட்டத்திலும் அந்த ஊரின் பெயர் சேர்ந்துகொண்டது: ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர் ஆகியவற்றின் ஹாரிஸ் பிரபு. ஆக, கெண்ட் மாவட்டத்துப் பசுமைக்கு நடுவில் நிற்கும் இந்த வீட்டின் அடித்தளத்தில் காவிரி நடுவே உள்ள ஒரு தீவின் செல்வம் கிடக்கிறது. வாசலில் நின்று காலணியின் சேற்றைத் துடைக்கும்போதே இது என் மனத்தில் இருந்தது.

வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே செல்ல முடியும். எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். வழிகாட்டியாக வந்த முதிய அம்மையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பற்றி மழுப்பாமல் இரண்டு வாக்கியங்களில் சொன்னார். சொல்லும்போது என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, பேச்சை நிறுத்தி ஒரு நிமிடம் எல்லோரும் அமைதியாக நிற்கும்படி கேட்டுக்கொண்டார்.

அந்த ஒரு நிமிடத்துக்காகவே எவ்வளவு தூரமும் பயணம் செய்யலாம். நான் சென்ற நாளில் எல்லாக் கடிகாரங்களும் ஓடவில்லை, பல நின்றிருந்தன. ஓடிக்கொண்டிருந்தவை ஒவ்வொன்றும் தன் தன் நடையில் ஓடின. நெடிய பெட்டிக் கடிகாரம் ஒன்று நிதானமாக, நொடிக்கு ஒன்று என்ற கணக்கில், மரத்தின்மேல் விரலை மடக்கித் தட்டுவது போன்ற ஒலியை எழுப்பியது. மேசைமேல் இருந்த இன்னொன்று அதைவிட விரைவாக, நெல் பொரிவது போல ஒலித்தது. அடுத்த அறையிலிருந்தும் மாடிப்படியின் பக்கத்திலிருந்தும் வேறு நடைகள் வந்து கலந்தன. சற்று நேரம் ஒன்றோடொன்று பொருந்தி ஒரே தாளமாக வருவதும், பிறகு விலகிப்போவதும், மறுபடியும் நெருங்கி வருவதுமாக இருந்தன. மூடியிருந்த சன்னல் திரைகளின் அரையிருட்டில், யாரும் வாழாத ஒரு வீட்டுக்குள் யாரோ வேலை செய்துகொண்டே இருப்பது போல எனக்குத் தோன்றியது.

இந்தக் கடிகாரங்களைச் சேர்த்தவர் ஐந்தாம் ஹாரிஸ் பிரபு. 1889-ல் பிறந்து 1984-ல் மறைந்தவர். இவருடைய தந்தையான நான்காம் பிரபு இங்கிலாந்துக் கிரிக்கெட் அணியின் தலைவராகவும் பம்பாய் மாகாண ஆளுநராகவும் இருந்தவர். ஊர் உலகமெல்லாம் அறிந்த பெயர். மகனோ வாழ்நாள் முழுவதும் கடிகாரங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். தனியார் ஒருவர் சேர்த்தவற்றில் பிரிட்டனிலேயே மிகச் சிறந்தவற்றுள் ஒன்று என்று இந்தத் தொகுப்பைத் துறை அறிந்தவர்கள் சொல்கிறார்கள். போர், ஆட்சி, விளையாட்டு என்று வெளியே ஓடிய நான்கு தலைமுறைகளுக்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் ஒருவர் உட்கார்ந்து சக்கரங்களை உற்றுப் பார்த்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அந்த வீட்டில் நான் முழு மனத்தோடு நேசிக்க முடிந்தது அவருடைய அந்தப் பொறுமையைத்தான்.

நெடிய பெட்டிக் கடிகாரம் ஒன்றின் முன்னால் நெடுநேரம் நின்றேன். ஆளுயரத்துக்கும் மேலான ஒடுங்கிய மரப்பெட்டி. பெட்டியின் கதவு நடுவில் உள்ளங்கை அளவு வட்டக் கண்ணாடி. அதன் வழியாக ஊசலின் பித்தளைக் குண்டு இடமும் வலமும் வந்து போவது தெரிகிறது. மேலே பித்தளை முகப்பு. அதில் சாவி போடும் துளைகள் இரண்டு. ஒன்று ஓட்டத்துக்கு, மற்றொன்று மணியடிப்பதற்கு. துளைகளைச் சுற்றி அலங்காரம் போல வளையம் வளையமாகக் கடைந்திருந்தார்கள். அது வெறும் அலங்காரமன்று. சாவி வழுக்கும்போது முகப்பில் விழும் கீறல் அந்த வளையங்களுக்குள் மறைந்துபோகும் என்று அந்த அம்மையார் விளக்கினார். இருந்தும் வளையத்துக்கு வெளியே கீறல்கள் இருந்தன. ஒரு துளையின் கீழ்ப்புறத்தில் அடர்த்தியாக, எல்லாம் ஒரே திசையில் சாய்ந்து, கைவிரல் நகத்தால் கீறியவை போல இருந்தன. எட்டு நாளுக்கு ஒருமுறை சாவி கொடுக்க வேண்டிய கடிகாரம் அது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், துளையைத் தடவிச் சாவியைப் பொருத்திய எத்தனையோ கைகளின் பிழைகள் அவை. வீட்டுத் தலைவரின் கையா வேலைக்காரரின் கையா என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அந்தக் கைகள் அங்கே இருந்தன என்பதை மட்டும் பித்தளை எழுதி வைத்திருக்கிறது.

பெட்டி ஏன் அவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1656-ல் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் ஊசலைக் கடிகாரத்தோடு இணைத்தார். அதற்கு முன்பு நல்ல கடிகாரமே நாளொன்றுக்குக் கால் மணி நேரம் வரை பிழை காட்டும். ஊசல் வந்தபின் அந்தப் பிழை சில நொடிகளுக்குச் சுருங்கியது. ஆனால் தொடக்ககால அமைப்பில் ஊசல் மிக அகலமாக வீசினால்தான் சக்கரம் நகரும். நீண்ட ஊசலை அப்படி வீசவிட்டால் அதை அடைக்க ஓர் அலமாரியே வேண்டியிருக்கும். 1670 வாக்கில் லண்டனில், நங்கூர வடிவில் அமைந்த ஓர் எஃகுத் துண்டு வந்தது. ஊசல் சில பாகை அளவு அசைந்தாலே போதும். நங்கூரத்தின் ஒரு நகம் பல்லை விடுவிக்கும், மறு நகம் அடுத்த பல்லைப் பிடித்துக்கொள்ளும். நாம் கேட்கும் டிக் ஒலி சக்கரம் நகரும் ஒலியன்று. ஓடத் துடிக்கும் சக்கரத்தை நங்கூரம் தடுத்து நிறுத்தும் ஒலி. இவ்வாறு வீச்சு குறைந்ததால், நொடிக்கு ஒருமுறை ஒரு பக்கம் செல்லும் நீண்ட ஊசலை, ஏறத்தாழ 99 சென்டிமீட்டர் நீளமுள்ளதை, ஒடுங்கிய பெட்டிக்குள் தொங்கவிட முடிந்தது. நெடிய பெட்டிக் கடிகாரம் என்ற மரச்சாமானே அந்த எஃகுத் துண்டிலிருந்து பிறந்தது என்று சொல்வேன். தச்சருக்கு அளவு சொன்னது ஊசல்.

அந்த நங்கூரம் தடுத்து விடும் சக்கரத்துக்கு முப்பது பற்கள். நிமிடத்துக்கு ஒருமுறை அது சுற்றி வருவதால் நொடி முள்ளை அதன் அச்சிலேயே நேராகப் பொருத்திவிடலாம். ஒரு நாளுக்கு 86,400 தட்டுகள். ஓர் ஆண்டுக்கு மூன்று கோடியே பதினைந்து லட்சத்துக்கும் மேல். 300 ஆண்டுகள் இடைவிடாமல் ஓடியிருந்தால் தொள்ளாயிரம் கோடியைத் தாண்டும். புதுப்பேட்டையில் நான் கையில் எடுத்துப் பார்த்த எந்தப் பல்சக்கரமும் இத்தனை ஆண்டுகள் ஓடியிருக்காது.

மரச்சாமான்களைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. என் கண் பழகியது உலோகத்தில். ஆனால் இரண்டு செய்திகள் மனத்தில் நின்றன. பழைய பெட்டிகளும் மேசைகளும் வால்நட் மரத்தின் மெல்லிய ஏட்டை மலிவான மரத்தின்மேல் ஒட்டிச் செய்தவை. 1721-க்குப் பிறகு, குடியேற்ற நாடுகளின் மரத்துக்கு இறக்குமதி வரி நீங்கியதும், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து மகோகனி கப்பல் கப்பலாக வந்து இங்கிலாந்து வீடுகளின் நிறத்தையே செம்பழுப்பாக மாற்றிவிட்டது. அந்த மரத்தை வெட்டிக் கரைக்குக் கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். இன்னொன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த மரங்களுக்குக் கண்ணாடி போன்ற பளபளப்பைத் தந்த மெருகு. அது சாராயத்தில் கரைத்த அரக்கு. நம் காடுகளில் புரசும் இலந்தையும் போன்ற மரங்களின் கிளையில் பூச்சி சுரந்து வைக்கும் அதே அரக்கு. அழகான ஒரு மேசையின் விளிம்பில் சன்னலின் மங்கிய ஒளி வழுக்கிச் செல்வதைப் பார்த்தபோது, இந்தியாவிலிருந்து எத்தனை பொருள்கள் பெயர் சொல்லாமல் இத்தகைய வீடுகளுக்குள் வந்து ஒட்டிக்கொண்டன என்று நினைத்துக்கொண்டேன்.

சன்னல் திரைகளை இறக்கி வைத்திருப்பதும் இந்த மரங்களுக்காகத்தான். வெயில் பட்டால் வால்நட் வெளுக்கும், துணி இற்றுப்போகும், ஒட்டிய ஏடு உரிந்து எழும். காற்றின் ஈரம் ஏறி இறங்கினால் மரம் உப்பிச் சுருங்கி விரிசல் விடும். எனவே அருங்காட்சியகங்கள் ஒளியையும் ஈரத்தையும் ஓயாமல் அளந்துகொண்டே இருக்கின்றன. நாற்காலியில் உட்காராதே, மேசையைத் தொடாதே, திரையை விலக்காதே என்ற விதிகள் எல்லாம் நியாயமானவை. யாரும் உட்காராத நாற்காலியும் நாற்காலிதான். அதன் வளைவும் செதுக்கலும் கண்ணுக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கின்றன.

கடிகாரத்துக்கு அது பொருந்தாது. நின்றுபோன கடிகாரம் ஒரு பெட்டி. அழகான பெட்டியாக இருக்கலாம், ஆனால் அதைச் செய்தவர் செய்தது பெட்டியை அன்று, ஓட்டத்தை. அந்த ஓட்டத்துக்காகக் கடிகாரக் கலைஞர்கள் பட்ட பாட்டை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். எஃகுக் கம்பியால் ஆன ஊசல் வெப்பத்தில் நீளும். நீண்டால் மெதுவாக வீசும். ஒரு பாகை செல்சியஸ் வெப்பம் கூடினால் நாளொன்றுக்கு அரை நொடி பின்தங்கும். கோடைக்கும் குளிருக்கும் இடையே இருபது பாகை வேறுபாடு என்றால் நாளுக்குப் பத்து நொடி. இந்தப் பத்து நொடியைப் பொறுக்க முடியாமல், லண்டனில் ஜார்ஜ் கிரகாம் ஊசலின் அடியில் பாதரசக் குடுவையைத் தொங்கவிட்டார். கம்பி கீழ்நோக்கி நீளும்போது பாதரசம் மேல்நோக்கி விரிந்து அதை ஈடுசெய்யும். தச்சரின் மகனான ஜான் ஹாரிசன் பித்தளைக் கம்பிகளையும் எஃகுக் கம்பிகளையும் மாற்றி மாற்றி அடுக்கி, ஒன்றின் நீட்சி மற்றொன்றின் நீட்சியை விழுங்கும்படி செய்தார். அன்றாட வாழ்க்கையில் யாருக்கும் தேவைப்படாத நுட்பம் அது. ஆனாலும் அந்த நுட்பத்தைக் கைவிடாமல் பிடித்து நடந்துதான் ஹாரிசன் கடலில் தீர்க்கரேகை காணும் கடிகாரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். இத்தனையையும் செய்து முடித்த பிறகு அந்த ஊசல் ஆடாமல் தொங்குவதைப் பார்ப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஆனால் ஓடினால் தேயும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடிகாரத்தில் எஃகு அச்சின் மெல்லிய நுனி, பித்தளைத் தகட்டில் உள்ள துளைக்குள் சுழல்கிறது. இடையில் ஒரு துளி எண்ணெய். சில ஆண்டுகளில் எண்ணெய் காய்ந்து பிசினாகும். காற்றில் வரும் தூசு அதில் ஒட்டிக்கொள்ளும். தூசு மெத்தென்ற பித்தளையில் பதிந்து உப்புக்காகிதம் போலாகி, கடினமான எஃகையே அறுக்கத் தொடங்கும். மெத்தென்றதுதான் கடினமானதைத் தின்னும் என்பதை அப்பா தம் பட்டறையில் எத்தனையோ முறை காட்டியிருக்கிறார். பிறகு துளை ஒரு பக்கமாக இழுபட்டு முட்டை வடிவமாகும். சக்கரங்கள் விலகும், பற்கள் சரியாகக் கவ்வாது, ஒருநாள் கடிகாரம் நிற்கும். அப்போது துளையைப் பெரிதாக்கி, அதற்குள் புதிய பித்தளை வளையம் ஒன்றை இறுக்கிப் பொருத்தி, நடுவில் சரியான அளவுக்குத் துளையிட வேண்டும். எங்கள் ஊர்ப் பட்டறையில் அதற்குப் புஷ் போடுவது என்று பெயர். கடிகாரப் பட்டறையிலும் அதே வேலை, அதே பெயர்.

பாதுகாப்பு வல்லுநர்களின் தயக்கம் இங்கேதான் வருகிறது. ஒவ்வொரு முறை புஷ் போடும்போதும் பழைய கலைஞரின் கைபட்ட உலோகத்தில் கொஞ்சம் போய்விடுகிறது. போனது திரும்பாது. இருநூறு ஆண்டுகள் தொடர்ந்து ஓட்டிப் பழுது பார்த்துக்கொண்டே போனால், இறுதியில் மிஞ்சுவது பழைய பெயர் பொறித்த முகப்பும் புதிய இயந்திரமுமாக இருக்கும். ஆகவே நிறுத்திவைப்பதே நேர்மை என்பார்கள் ஒரு சாரார். மிக அரியவற்றை, அதாவது துளைகள் இன்னும் இழுபடாமல் தொடக்க நிலையிலேயே இருப்பவற்றை, நிறுத்தித்தான் வைக்க வேண்டும் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏற்கெனவே பலமுறை பழுது பார்த்த கடிகாரத்தை நிறுத்திவைப்பதில் நியாயம் இல்லை. அது தன் உடலைக் கொடுத்து ஓட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. பாதி வழியில் அதை நிறுத்துவது அதுவரை அதைக் காத்த கைகளையும் மறுப்பதாகும்.

சுவரோரமாகக் கண்ணாடிக் கவிப்புக்குள் ஒரு கடிகாரம் இருந்தது. பெட்டியும் மூடிய தகடுகளும் இல்லாமல், சக்கரங்கள் எல்லாம் வெளியே தெரியும்படி எலும்புக்கூடு போல அமைத்தது. அதன் முன்னால் குனிந்து, மூக்கு கண்ணாடியில் படாத அளவுக்கு நெருங்கிப் பார்த்தேன். சட்டத்தின் பித்தளை பழுத்து, பழைய குத்துவிளக்கின் நிறத்தில் இருந்தது. அச்சு நுழையும் துளைகளுள் இரண்டைச் சுற்றி மட்டும், மோதிரம் போட்டதுபோல மெல்லிய வளையம், கொஞ்சம் வெளிறிய மஞ்சளாகத் தெரிந்தது. பொருத்திய கோடு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சீரான வேலை. நிறம் மட்டும்தான் காட்டிக்கொடுத்தது. எப்போது போட்டது, யார் போட்டது என்று எனக்குத் தெரியாது. போட்டவருக்குக் கை நடுங்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. ஒரு கைவினைஞரின் கையெழுத்தைப் பார்த்த மகிழ்ச்சி எனக்கு. குழு அடுத்த அறைக்குப் போய்விட்டதை அந்த அம்மையார் வந்து மெல்லச் சொல்லும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.

அடுத்த அறையில் நான் ஓடாத கடிகாரங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றின் முட்கள் ஆளுக்கொரு நேரத்தைக் காட்டின. ஒருவகையில் அதுவே பழைய உண்மையும்கூட. ரயில் வரும்வரை ஒவ்வோர் ஊருக்கும் அதன் சூரியன்தான் நேரம். பெல்மாண்ட் இருக்கும் இடம் கிரீனிச்சுக்குச் சற்றுக் கிழக்கே என்பதால், அங்கே உச்சி வேளை லண்டனைவிட மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் முன்னதாக வரும். வீட்டுக் கடிகாரத்தை வெயில் கடிகையோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வார்கள். 1797-ல் பிரிட்டிஷ் அரசு ஒவ்வொரு கடிகாரத்துக்கும் ஆண்டுக்கு ஐந்து ஷில்லிங் வரி விதித்தது. மக்கள் கடிகாரம் வாங்குவதையே நிறுத்திவிட, தொழில் நொடித்துப்போய், மறு ஆண்டே வரியைத் திரும்பப் பெற்றார்கள். ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகைக்கு முந்திய ஆண்டில் நடந்தது அது.

நம் பக்கத்துக் கதை இதைவிடச் சுவையானது. குறுநீர்க் கன்னல் என்று நீர் சொட்டும் வட்டிலால் நாழிகை அளந்த நாட்டில், 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கம்பெனி ஒரு வானாய்வகத்தை அமைத்தது. லண்டன் கலைஞர் ஜான் ஷெல்டன் செய்த ஊசல் கடிகாரம் ஒன்று அங்கே நேரம் காத்தது. பின்னாளில் அது கொடைக்கானல் வானாய்வகத்துக்குச் சென்றது. 1802-ல் ஜான் கோல்டிங்ஹாம் என்ற வானியலாளர் கணித்தபடி, சென்னையின் நேரம் கிரீனிச்சைவிட ஐந்து மணி இருபத்தொரு நிமிடம் முந்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்களுக்கெல்லாம் பொது நேரமாக இருந்தது அந்தச் சென்னை நேரம்தான். 1906-ல்தான் இந்தியத் திட்ட நேரம் வந்தது. ராயபுரம் நிலையத்தைத் திறந்துவைத்த ஹாரிஸ் பிரபுவின் பேரன், நேரம் காட்டும் பொறிகளைச் சேர்ப்பதிலேயே ஆயுளைச் செலவிட்டார் என்பதில் எந்தத் தொடர்பும் இல்லாமல் இருக்கலாம். எனக்கோ அந்த இரண்டையும் சேர்த்தே நினைக்கத் தோன்றுகிறது.

ஸ்ரீரங்கப்பட்டணத்தை மறந்துவிட்டு அந்த வீட்டில் நடந்தேன் என்று சொல்ல மாட்டேன். அதே சூறையில் கிடைத்த இன்னொரு பொறி லண்டனில், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது: வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவனைக் கவ்வி நிற்கும் மரப்புலி. கைப்பிடியைச் சுழற்றினால் சிப்பாயின் கை எழும், அவன் ஓலமும் புலியின் உறுமலும் கேட்கும். திப்புவின் அரண்மனையிலும் காற்றுத் துருத்தியும் நெம்புகோலும் அறிந்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அது சாட்சி. அந்தக் கைகள் கோட்டை விழுந்த பிறகு என்ன ஆயின என்று பெல்மாண்ட் மாளிகையின் படிக்கட்டில் நின்று நினைத்தபோது நெஞ்சு கனத்தது. அங்குள்ள கடிகாரங்களைச் செய்தவர்களின் பெயர்கள் முகப்பில் வளைந்த எழுத்துகளில் இருக்கின்றன. அவர்களில் பலர் பழகிய ஆசான், வாழ்ந்த தெரு எல்லாம் பதிவேடுகளில் கிடைக்கும். மரப்புலியைச் செய்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. இந்த வேறுபாடு கலைத்திறனால் வந்ததன்று. கடிகாரக் கலைஞர்மேலோ, அவற்றைச் சேர்த்தவர்மேலோ எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த வீட்டின் அமைதிக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதைச் சொல்லாமல் அதன் அழகை மட்டும் எழுத என்னால் முடியாது.

வெளியே வரும்போது நான்கு மணி. மாளிகைக்குள் ஒரு கடிகாரம் அடிக்கத் தொடங்கியது. அது முடிப்பதற்குள் இன்னொன்று, அதைவிடக் கீழான குரலில். மூன்றாவது ஒன்று, எல்லாம் ஓய்ந்துவிட்டது என்று நாங்கள் நினைத்த பிறகு, தன்பாட்டுக்கு நான்கு அடித்தது. யாரும் சிரிக்கவில்லை, எல்லோரும் அது முடியும்வரை நின்றார்கள்.

ஃபேவர்ஷம் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது ஐந்து மணி பத்து நிமிடம். கோடை நேரத்துக்காக ஒரு மணியைக் கழித்துவிட்டு, சென்னை நேரத்துக்கு ஐந்து மணி இருபத்தொரு நிமிடத்தைக் கூட்டிப் பார்த்தேன். பழைய கணக்கில் ஒன்பது முப்பத்தொன்று, இன்றைய கணக்கில் ஒன்பது நாற்பது. அப்பா சாப்பிட்டு முடித்திருப்பார், இன்னும் படுத்திருக்க மாட்டார். தொலைபேசியில் அழைத்து, பார்த்ததையெல்லாம் சொன்னேன். ஹாரிஸ் வீட்டு வாசலில் நின்றேன் என்றதும் வியந்தார். மகோகனியைப் பற்றியும் அரக்கைப் பற்றியும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடிகாரங்களைச் சொல்லத் தொடங்கியதும் இடைமறித்தார்.

“அதெல்லாம் சரிம்மா. உள்ளே சக்கரத்தைப் பார்த்தியா? புஷ் போட்டிருக்காங்களா?”

“ஒண்ணுல மட்டும்தான் பார்க்க முடிஞ்சுதுப்பா. ரெண்டு இடத்துல போட்டிருந்தாங்க. கோடே தெரியல, அவ்வளவு சுத்தமான வேலை.”

“அப்போ ஓட்டியிருக்காங்க” என்றார் அப்பா.